கமலாட்சி நடத்திய கோடை உலா

என் மனைவி கமலாட்சிக்கு ஹாலந்து தேசம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அந்த ஊர்களில் கோடைக்காலத்தில் எந்தக் கிழமை எங்கே போகலாம் என்று கேட்டால் தடுமாறாமல் சொல்வாள்.

நான் பர்மாவில் அரிசி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. 1926ஆம் வருஷம் பங்குனித் தொடக்கத்தில் அரிசி ஏற்ற வந்த ஒரு டச்சுக் கப்பலின் அதிகாரி எங்கள் ஆபீசில் ஒரு படப் புத்தகத்தை விட்டுப் போனார். வெளிநாட்டுப் பயணிகளுக்காக இங்கிலீஷில் அச்சிட்டது. கோடையில் ஒவ்வொரு நாளும் எங்கே போகலாம், என்ன பார்க்கலாம் என்று அதில் இருந்தது. ஆம்ஸ்டர்டாம் வாய்க்கால்களில் படகுச் சவாரி, ஹேக் நகரத்துக் கடற்கரையில் பாண்டு வாத்தியம், அல்க்மார் என்ற ஊரில் வெள்ளிக்கிழமைதோறும் பாலாடைக்கட்டிச் சந்தை. நான் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல அவள் அரிசி புடைத்தபடி கேட்டாள்.

"அங்கே வெயில் வந்தா வெளியே கிளம்புறாங்க. இங்கே நாங்க கதவைச் சாத்திக்கிட்டு விசிறியோட கிடக்கோம்."

"அங்கே அடிக்கிறது ஒரு வெயிலா? குளிர்காயப் போறாங்க."

"எதுக்கோ போறாங்க இல்ல?"

மறுநாள் காலை பசுந்தாங் பேட்டையில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழே, தண்ணீர்க் குழாயடியில், பெண்களிடம் அவள் முதல் அறிவிப்பைச் செய்தாள்: இன்றைக்குச் சாயங்காலம் படகு. சாம்பான் படகில் ஆற்றின் அக்கரையிலுள்ள டாலாவுக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்பினார்கள். அதன்பின் அந்தப் பங்குனி முழுவதும் தினமும் ஒன்று. பாண்டு வாத்தியத்துக்குப் பதில் காளி கோயில் நாதஸ்வரம். ஒரு நாள் மிருகக்காட்சிசாலை. ஒரு நாள் ஏரிக்கரை. ஒரு நாள் மாதா கோயில் பாட்டுக் கச்சேரி. எல்லாரும் கடைசி வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்தார்களாம். நான் ஆபீசிலிருந்து வரும்போது வீடு பூட்டியிருக்கும். இருட்டிய பிறகு அவள் வந்து எல்லாவற்றையும் சொல்வாள்.

அவள் தைரியசாலி என்று நினைத்துவிட வேண்டாம். வெளியே போனால் அவள் தொண்டையில் சொட்டுத் தண்ணீர் இறங்காது. தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பாள். "கமலாட்சி ஏரியையா பார்த்தா? எங்க உச்சி வகிட்டைத்தான் பார்த்தா," என்பாள் அடுத்த வீட்டு நூருன்னிசா.

கீழ்த்தளத்தில் தைலம்மாள் இருந்தாள். மகன் நல்லையா துறைமுகத்தில் வேலை. மருமகள் தங்கமணி நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பதினேழு வயது இருக்கும். பர்மியச் சொல் ஒன்றும் தெரியாது. குடியிருக்கும் தெருவின் பெயரும் தெரியாது. தைலம்மாள் அவளைப் படி தாண்ட விட்டதில்லை. அந்தப் பெண் குழாயடிப் பேச்சைக் கதவிடுக்கில் நின்று கேட்பாள்.

சித்திரையில் பர்மியர்களின் திஞ்சான் வந்தது. தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் வருஷப் பிறப்பு. ஆபீசுக்கு விடுமுறை. இன்சீன் சந்தைக்கு ரயிலில் போவதென்று கமலாட்சி தீர்மானித்தாள். தங்கமணியையும் அனுப்பும்படி தைலம்மாளிடம் கேட்டாள்.

"பொம்பளைங்க மட்டும் போனா அனுப்ப மாட்டேன். ஒரு ஆம்பிளைத் துணை வேணும்."

"எங்க வீட்டுக்காரங்க வருவாங்க, பெரியம்மா."

"விளக்கு வைக்கிறதுக்குள்ளே அவ இந்த வாசல்ல நிக்கணும். இல்லேன்னா அதுதான் அவ பார்க்கிற கடைசி ஊரு."

அப்படித்தான் நான் துணைக்குப் போனேன், சோற்றுத் தூக்கைச் சுமந்துகொண்டு. தங்கமணி சிவப்புச் சேலை கட்டியிருந்தாள். வழியெல்லாம் என் பக்கம் முகத்தைக் காட்டாமல் நடந்தாள்.

சந்தையில் ஒரு குறையும் இல்லை. திரும்பி ஸ்டேஷனுக்கு வரும் வழியில் பர்மியப் பெண்கள் பந்தல் போட்டுக் குடங்களோடு நின்றார்கள். சிரிப்பும் கூச்சலுமாக எங்கள் கூட்டம் நனைந்து, சிதறி ஓடியது. பிளாட்பாரத்தில் கமலாட்சி எண்ணினாள். மறுபடி எண்ணினாள். அவள் முகம் வெளுத்தது.

"தங்கமணி எங்கே?"

யாருக்கும் தெரியவில்லை. பந்தலுக்கு ஓடினோம். அங்கே வேறு கூட்டம் நனைந்துகொண்டிருந்தது. சிவப்புச் சேலை கட்டிய இந்தியப் பெண்ணைப் பார்த்தீர்களா என்று கமலாட்சி பர்மியத்தில் கடை கடையாகக் கேட்டாள். எல்லாரும் இல்லையென்று தலையை ஆட்டினார்கள். வழியோரம் ஒரு குளம் இருந்தது. அவள் கரையில் நின்று தண்ணீரையே பார்த்தாள். குடித்துவிட்டு ஆடிவந்த இளைஞர்களின் வண்டி ஒன்று எங்களைக் கடந்தது. அதற்குள்ளும் எட்டிப் பார்த்தாள். நான் தண்டவாளத்தோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன். என்ன பார்ப்பதற்காகப் போனேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

வெயில் தணிந்துவிட்டது. ரயில் வந்தது. மற்றப் பெண்களைக் கமலாட்சி அதில் ஏற்றினாள்.

"தைலம்மா கேட்டா என்ன சொல்ல?" என்றாள் நூருன்னிசா. "வண்டி தாமதம்னு சொல்லவா?"

"உள்ளதைச் சொல்லு. பிள்ளையைக் காணோம்னு சொல்லு."

"உன்னைக் கொன்னுருவாங்கடி."

"கொல்லட்டும். முதல்ல அவ கிடைக்கட்டும்."

மறுபடி சந்தை, மறுபடி பந்தல், மறுபடி ஸ்டேஷன். பிளாட்பாரக் கோடியில் ஒரு பர்மியக் கிழவி சுருட்டுப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குனிந்த தலையோடு ஒரு பெண்: பூப்போட்ட லுங்கி, வெள்ளைச் சட்டை, கன்னத்தில் பர்மியப் பெண்கள் இழைத்துப் பூசும் தனாக்கா பூச்சு. அவர்களை அதற்கு முன்பே ஒரு முறை தாண்டிப் போயிருந்தோம். இப்போதும் தாண்டிப் போனோம். கிழவிதான் கமலாட்சியைக் கூப்பிட்டாள். இந்தப் பிள்ளையின் ஆட்களைத் தெரியுமா, பேசமாட்டேன் என்கிறாள், அழுகிறாள் என்றாள்.

கமலாட்சி குனிந்து அந்த முகத்தை நிமிர்த்தினாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது இதுதான். ஒரு முழுக் குடம் தங்கமணியின் தலையில் இறங்கியிருந்தது. மெல்லிய சேலை, உடம்போடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கோலத்தில் நடுத்தெருவில் நிற்க முடியாமல் ஒரு கடைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள். கிழவி கண்டு வீட்டுக்குள் அழைத்துத் துவட்டி, தன் பேத்தியின் துணியைக் கட்டிவிட்டு, நனைந்த சேலையை மூட்டையாக்கி ஸ்டேஷனில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறாள்.

"ஏண்டி, உன் முன்னாலேயே ரெண்டு தரம் போனோமே! அக்கான்னு ஒரு சத்தம் கொடுக்கக் கூடாதா?"

தங்கமணி என்னை ஒரு கணம் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். "அண்ணன் கூடவே வந்தாங்களே. தாவணி இல்லே, முந்தானை இல்லே. இப்படி நிக்கிறப்ப எப்படிக்கா கூப்பிடுவேன்?"

நான் பிளாட்பாரத்தின் மறு கோடிக்கு நடந்து போனேன்.

பசுந்தாங்கில் இறங்கும்போது எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. கட்டடத்தின் முன் கூட்டம். தைலம்மாள் படியில் உட்கார்ந்திருந்தாள். நூருன்னிசா அவள் தோளைப் பிடித்திருந்தாள். லுங்கி கட்டிய பெண் நேரே வந்து காலடியில் நின்றபோதும் தைலம்மாள் அவளைத் தாண்டித் தெருவைத்தான் தேடினாள்.

"எங்கேடி அவ?" என்று கமலாட்சியைப் பார்த்துக் கத்தினாள்.

"அத்தை," என்றாள் தங்கமணி.

தைலம்மாள் அவளைத் தொட்டுப் பார்த்தாள். கன்னத்துப் பூச்சை விரலால் வழித்துப் பார்த்தாள். பிறகு முதுகில் ஓங்கி ஓர் அடி. அடித்த கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் வசவு தொடங்கியது. கமலாட்சி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். முடிந்தது, இனி அந்தப் பெண் கதவிடுக்கோடு சரி என்று எனக்குத் தோன்றியது.

"இவ்வளவு பேர் தேடுறாங்க, வாயைத் திறக்காம ஏண்டி உட்கார்ந்திருந்தே?" என்று தைலம்மாள் மருமகளைக் கேட்டாள்.

தங்கமணி காரணத்தைச் சொன்னாள். தைலம்மாள் மருமகளின் முந்தானையில்லாத சட்டையைப் பார்த்தாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இனிமே இந்தத் தம்பி வேண்டாம்," என்றாள். "துணைக்கு நான் வாரேன்."

வந்தாள். அந்தக் கோடையிலும் அடுத்த கோடைகளிலும் முன்வரிசையில் தைலம்மாள், அவள் கைப்பிடியில் தங்கமணி. தலை எண்ணும் வேலையில் பாதியைத் தைலம்மாளே எடுத்துக்கொண்டாளாம். கமலாட்சி டாலா மரத்தடியில் முதல் முறையாக நிம்மதியாகச் சோறு தின்றாள் என்று சொன்னார்கள்.

போன ஐப்பசியில் காய்ச்சல் வந்து கமலாட்சி போய்விட்டாள். அவளோடு நான் உலாப் போனது இன்சீனுக்கு மட்டும்தான். அங்கும் அவள் முகத்தில் நான் கண்டது பயம்தான். மற்ற இடங்களில் அவள் எப்படிச் சிரித்தாள், எந்த மரத்தடியில் இலை விரித்தாள் என்பதையெல்லாம் கீழே இறங்கிப் போய்த் தைலம்மாளிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.