வெயிலில் வைத்த தொட்டிகள்

என் மொட்டை மாடியில் மரங்கள் நான்குதான். தொட்டிகள் முப்பதுக்கு மேல். போன்சாய் வளர்க்கிறவர்கள் மரத்துக்கு ஏற்ற தொட்டி தேடுவார்கள். நான் தொட்டியை வாங்கிவிட்டு மரம் தேடுகிறவள். கையால் தொட்டி செய்கிறவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் கூரியரில் வரவழைத்துவிடுவேன். பெட்டியை வாசலிலேயே பிரித்து, தொட்டியைக் கவிழ்த்துத்தான் முதலில் பார்ப்பேன். அடிப்பக்கத்தில் விரல் தடம் இருக்கும். துளை போட்ட பிறகு ஓரத்தை எப்படித் துடைத்திருக்கிறார்கள் என்று தெரியும்.

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. சுண்ணாம்புக்கல்லைப் பொடித்து, கரைத்து, அளவு பார்த்துவிட்டு மாலையில் பெரம்பலூருக்குப் பஸ் ஏறுவேன். வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய்த் தொட்டிகளை இடம் மாற்றி வைப்பேன். மேலே நீ நடக்கிற சத்தத்தில் செய்தி கேட்க முடியவில்லை என்பார் கணவர்.

சுண்ணாம்புச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இடிந்து கிடந்த சுவரிலிருந்து கல் இச்சி என்ற ஆல மர வகைக் கன்று ஒன்றைப் பெயர்த்து வந்திருந்தேன். வேர் சுவரோடு தட்டையாகப் படர்ந்து வளர்ந்தது. அதற்கு அகலமான, ஆழம் குறைந்த, செவ்வகத் தொட்டி வேண்டும். என்னிடம் இருந்த முப்பதில் ஒன்றுகூட அதற்குப் பொருந்தவில்லை.

பாடாலூருக்கு அருகில் நெடுஞ்சாலை ஹோட்டல் ஒன்றில் டீ குடித்தபோது, வாசலில் இருந்த புது தந்தூரி அடுப்பைப் பார்த்தேன். சக்கரத்தில் வைத்துச் சுற்ற முடியாத அளவு பெரிய மண் அடுப்பு. ஆனாலும் அதன் வாய் விளிம்பு ஒரே சீராக இருந்தது. யார் செய்தது என்று கேட்டேன். பாடாலூரிலேயே ஒருவர் செய்கிறார் என்றார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அவருக்கு என் வயதுதான் இருக்கும். நெடுஞ்சாலை ஹோட்டல்களுக்கெல்லாம் அடுப்பு செய்துகொடுத்து வந்தார். எந்த ஹோட்டல் என்று என்னிடமும் கேட்டார். போனில் தொட்டிப் படத்தைக் காட்டினேன்.

"இதுல என்னாங்க வைப்பீங்க?"

"மரம்."

அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மண் மிதித்துக்கொண்டிருந்த அவர் மனைவியும் நின்றுவிட்டார். ஹோட்டல் வேலை முடிந்த பிறகு செய்து பார்க்கலாம் என்றார் அவர்.

அந்த 'பிறகு' எப்போது வரும் என்று கேட்டுக் கேட்டே மூன்று வாரம் ஓட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு தொட்டிகள் செய்தார். மண்ணைத் தகடாகத் தட்டி, அறுத்து, சுவர்களை நிறுத்தினார். மூலைகளில் மெல்லிய மண் திரியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார். அந்த விரல் ஒரே வேகத்தில் போனது. பார்த்துக்கொண்டிருந்த நான்தான் நான்கு தரம் இடம் மாறி உட்கார்ந்தேன்.

பத்து நாளாவது நிழலில் காய வேண்டும் என்று ஈரச் சாக்கு போட்டு மூடினார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆபீஸ் விட்டுப் பெரம்பலூர் வந்து, வீட்டுக்குப் போகாமல் அப்படியே பாடாலூர் பஸ்ஸில் ஏறுவேன். சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். ஆறாம் நாள் லீவு போட்டுவிட்டு மதியமே போனேன். இருவரும் அடுப்பு பொருத்த ஒரு ஹோட்டலுக்குப் போயிருந்தார்கள். தொட்டிகளைத் தொட்டேன். இன்னும் சில்லென்று இருந்தன. ஒரு மணி நேரம்தானே என்று ஏழையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வெயிலில் வைத்தேன். பிறகு இருந்தபடியே உள்ளே வைத்து, சாக்கையும் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த முறை போனபோது ஏழும் மூலையில் விண்டிருந்தன. அவர் ஒன்றை உடைத்து, துண்டை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை எடுத்த மண்ணில் சுண்ணாம்பு கலந்திருக்கும் என்றார். ஒரு கட்டியை எடுத்து என்னிடமே நீட்டினார்.

"நீங்கதான் லேப்ல இருக்கீங்களே மேடம். பாத்துச் சொல்லுங்க."

நான் வாங்கிக்கொண்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். கட்டியைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் மண்ணைப் பொடித்து அமிலம் விட்டேன். சுண்ணாம்பு இருந்தால் பொங்கும். பொங்கவே இல்லை. நல்ல மண். அந்த வாரம் முழுக்க ஒரு வேலையிலும் மனம் நிற்கவில்லை. எழுதிய அளவையே திரும்ப எழுதினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், கொல்லையில் பழைய மண் முழுவதும் குவித்துக் கொட்டப்பட்டிருந்தது. ஏரியிலிருந்து புது மண் வந்திருந்தது. அவர் மனைவி சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக மிதிக்கிறாராம். குதிகாலில் கல் கீறி, மஞ்சள் பற்று போட்டிருந்தது. மண்ணைப் பார்த்தீர்களா என்று அவர் கணவர் கேட்டார்.

மண்ணில் ஒன்றும் இல்லை, தொட்டிகளை வெயிலில் வைத்தது நான்தான் என்று சொன்னேன்.

அந்த அம்மா மிதிப்பதை நிறுத்தினார்.

"நாங்க மண்ணு மேல பழியப் போட்டுட்டோம். நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் கணவர் நிமிர்த்தி வைத்திருந்த அடுப்பு ஒன்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டு வந்து, நானே போன் செய்கிறேன், அதுவரை வராதீர்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை.

போன் வரவில்லை. மாடிக்குப் போய்த் தொட்டிகளைக் கழுவினேன், அடுக்கினேன், மறுபடி கழுவினேன். கவிழ்த்துப் பார்த்தால் அதே விரல் தடங்கள். இத்தனை வருஷமாக அந்த விரலை மட்டும் பார்த்து ரசித்திருக்கிறேன். அதற்கு முன்னால் அந்த மண்ணை மிதித்த கால் யாருடையது என்று ஒரு தொட்டியைப் பற்றியும் நான் கேட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்து, சித்திரையில், அந்த அம்மாவே கூப்பிட்டார்.

"சூளை பிரிக்கறோம். வர்றதுன்னா வாங்க."

போனேன். சூளை இன்னும் கனன்றது. ஆறட்டும் என்றார்கள். நான் எழுந்து எழுந்து நடந்தேன். கிட்டே மட்டும் போகவில்லை. கடைசியில் அவர் சாம்பலை விலக்கி ஆறு தொட்டிகளை எடுத்தார். அந்த அம்மா என்னிடம் ஒன்றைக் கொடுத்து, விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள் என்றார். கணீரென்றது. கொட்டிய பழைய மண்ணையே திரும்ப எடுத்துச் செய்தது என்றார் அவர். அதற்கு மேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கோடையில் மரம் மாற்றி நடக்கூடாது. எனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வந்த அன்றே இச்சியை அந்தப் புதுத் தொட்டியில் நட்டுவிட்டேன். நான்காம் நாள் இலை முழுவதும் கொட்டியது. இந்த முறை அன்றைக்கே போன் செய்து அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு, நிழலில் வைத்துவிட்டு ஒரு மாசத்துக்குத் தொடாமல் இருங்கள் என்றார்.

தொடாமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இடம் மட்டும் மாற்றவில்லை. வைகாசிக் கடைசியில் தண்டில் சிவப்பாக ஒரு முளை தெரிந்தது. போட்டோ எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். பதிலுக்கு அவரும் ஒரு படம் அனுப்பினார். அவர்கள் வீட்டு வாசலில் அதே மாதிரி ஒரு செவ்வகத் தொட்டி, அது நிறையக் கொத்தமல்லி.