பெட்ரோல் எங்கே போச்சு?

போன மாதம் ஒரு காலை. பக்கத்து வீட்டு தனலட்சுமி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“டீச்சர், மோந்து பாருங்க. இன்னா வாசனை அடிக்குது?”

மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் அடிக்கவில்லை. என் கணவர் மோந்துவிட்டு, “மண்ணெண்ணெய்” என்றார். தனலட்சுமியோ “நெயில் பாலிஷ்” என்றார். ஒரே சொம்பு, மூன்று மூக்கு... யாரை நம்புவது?

பார்வைக்குத் தண்ணீர் பளிச்சென்றுதான் இருந்தது. மழை விட்டதிலிருந்து பத்து நாளாக அவர்கள் வீட்டு போர்வெல்லில் இப்படித்தானாம். அதில்தான் சமையல், அதுதான் குடிக்கவும். “நாக்குல ஒட்டிக்கினு நிக்குது டீச்சர்” என்றார்.

எங்கள் ஊர் புதுச்சேரியில் பாகூர் பக்கம். தெருமுனையில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. நம் பக்கம் விலை குறைவு என்று கடலூர் வண்டிகளெல்லாம் வந்து டேங்கை நிரப்பிப் போகும். பிறகு புதுச் சாலை வேறு பக்கமாகப் போனது, வண்டிகளும் போய்விட்டன. பங்க் மூடிப் பல வருடம் ஆகிறது. அதன் பின்சுவரை ஒட்டித்தான் எங்கள் இரண்டு வீடுகளும்.

அதே வாரம், அந்த இடத்தை வாங்கிக் கல்யாண மண்டபம் கட்ட நினைத்தவர், மண்ணைச் சோதிக்க ஆள் அனுப்பியிருந்தார். வந்தவர் நித்யா. முப்பது வயது இருக்கும். சுவர் ஓரம் நின்று சொம்புக் கதையைச் சொன்னேன். இரண்டு வீட்டுத் தண்ணீரையும் சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில்களில் பிடித்துக்கொண்டார்.

“மேடம், பூமிக்குள்ள இருந்த பெட்ரோல் தொட்டிங்க எந்த இடத்துல இருந்துச்சு?”

நல்ல கேள்வி. பதில்தான் இல்லை. முதலாளி காலமாகிவிட்டார். வரைபடம் யாரிடமும் கிடையாது. டீக்கடைக்காரர் இரண்டு தொட்டி என்றார், கிழக்கே கை காட்டினார். என் கணவர் நான்கு என்றார், மேற்கே! கடைசியில் எல்லோரும் சொன்ன பெயர் ஒன்றுதான் — ஏழுமலை.

ஏழுமலை, தனலட்சுமியின் கணவர். அந்த பங்க்கில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். இப்போது பிள்ளையார்குப்பத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறார். நான் போய்க் கூப்பிட்டேன்.

“அந்த காம்பவுண்டுக்குள்ள நான் வரமாட்டேன் டீச்சர்.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும். தொட்டியில் மாதாமாதம் பெட்ரோல் குறைந்தது. ஏழுமலை திருடி விற்றுவிட்டார் என்று ஊர் பார்க்க வேலையை விட்டு அனுப்பினார்கள். இதையும் சொல்லிவிடுகிறேன்: அதற்குப் பிறகு ஒருமுறை எங்கள் வீட்டில் சைக்கிள் காணாமல் போனபோது, என் மனதில் முதலில் வந்த முகம் ஏழுமலையுடையது. சைக்கிளைக் கணவர் கடைத்தெருவில் மறந்து விட்டுவிட்டு வந்திருந்தார்.

“அண்ணே, உங்க வூட்டுத் தண்ணிக்காகத்தான் கேக்குறேன்” என்றேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

உள்ளே நுழைந்ததும் அவர் கால்கள் தானாகவே நடந்தன. “இங்க பெட்ரோல். அங்க ரெண்டு டீசல்.” மூன்று தொட்டி! நித்யா குறித்துக்கொண்டே போனார்.

“பெட்ரோல் தொட்டியில அளவு குறையுமாண்ணே?”

ஏழுமலையின் முகம் இறுகியது. “குறையும். தெனம் காலையில நான்தான் குச்சி வுட்டு அளப்பேன். நான் எடுக்கல.”

“நான் அதைக் கேக்கல. தண்ணி இருந்துச்சா உள்ள?”

“மழைக்காலத்துல இருக்கும். குச்சியில ஒரு பசை தடவி வுடுவோம், தண்ணி பட்டா செவந்துடும். பெட்ரோலை வித்துட்டுத் தண்ணிய ஊத்தி வச்சிருக்கேன்னு சொன்னாங்க.”

நித்யா எழுதுவதை நிறுத்தினார். “அண்ணே, மழைக்காலத்துல நிலத்தடித் தண்ணி மேல வந்து தொட்டிக்குள்ள பூந்திருக்கு. வெயில் காலத்துல தண்ணி எறங்கினதும், அதே ஓட்டை வழியா பெட்ரோல் மண்ணுக்குள்ள போயிருக்கும்னு நினைக்கிறேன். பார்த்துடலாம்.”

அவர் காட்டிய இடத்துக்குப் பக்கத்தில் நித்யாவின் ஆட்கள் துளை போட்டார்கள். பத்தடி ஆழத்தில் மண் கறுப்பாக வந்தது. என் மூக்குக்கே தெரிந்தது — பெட்ரோல்! ஏழுமலை ஒரு பிடி மண்ணை எடுத்தார். “கையில எடுக்காதீங்கண்ணே” என்று நித்யா கத்தியது அவர் காதில் விழவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து நித்யா ரிப்போர்ட்டோடு வந்தார். தொட்டி ஒழுகியிருக்கிறது. ஏழுமலை வீட்டு போர் கெட்டுவிட்டது. குடிக்கவோ சமைக்கவோ கூடாது, குளிக்கவும் வேண்டாம். எங்கள் போரில் ஒன்றும் இல்லை. அதே சுவர், அதே தூரம்... எப்படி? நிலத்தடி நீர் கிழக்கே போகிறதாம். அவர்கள் வீடு கிழக்கே, எங்கள் வீடு மேற்கே. அவ்வளவுதான் காரணம். நாங்கள் செய்த புண்ணியம் ஒன்றும் இல்லை.

ஏழுமலை காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கிலீஷ். “இதுல நான் திருடலன்னு போட்டிருக்காம்மா?”

“அப்படி எழுத மாட்டோம்ணே. தொட்டியில ரொம்ப வருஷமா ஒழுகல்னு போட்டிருக்கு.”

“எங்க போட்டிருக்கு?”

நித்யா விரல் வைத்துக் காட்டினார். ஏழுமலை அந்த வரியை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சிரித்தார். இத்தனை வருடத்தில் நான் பார்க்காத சிரிப்பு.

“குடிக்கத் தண்ணி இல்லன்னு சொல்றாங்க, இந்த மனுஷன் இன்னாடான்னா சிரிக்கிறான்!” என்று கத்திய தனலட்சுமி, அடுத்த நொடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுகை எதற்கு? தண்ணீருக்கா, போன வருடங்களுக்கா? அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

“மொதலாளி இருந்திருந்தா காட்டியிருப்பேன் டீச்சர்” என்றார் ஏழுமலை. அப்புறம் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். டீக்கடைக்காரருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது.

மண்டபம் கட்ட வந்தவர் மனதை மாற்றிக்கொண்டார். அதிகாரிகள் வந்து பார்த்திருக்கிறார்கள்; மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்த வேண்டுமாம். யார், எப்போது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள்.

அந்த சைக்கிள் விஷயத்தை நான் இன்னும் ஏழுமலையிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் மனம் நோகும். சொல்லாவிட்டால் என் மனம் உறுத்தும். பெயர் மீண்ட மனிதருக்கு வாழ்த்துச் சொல்வதா, தண்ணீர் போன வீட்டுக்கு ஆறுதல் சொல்வதா... அதுவும் குழப்பம்.

இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவருக்கு மேல் ஒரு ஹோஸ் பைப்பைப் போட்டு, எங்கள் குழாயை மட்டும் திறந்துவிட்டிருக்கிறேன்.