“ஆமா” சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை சுடலைமுத்து அண்ணன் போனில் அழைத்தார். வில்லுப்பாட்டில் இருபது வருடமாகப் பின்பாட்டு பாடுகிறவர். “சார், காதர் பாய் போயிட்டாரு. மார்வலி. ஆஸ்பத்திரி வாசல் வரைக்குந்தான்...” அதற்கு மேல் முடியாமல் அழுதார். எனக்கும் அதிர்ச்சிதான். ஆனால் அந்த அழுகையைக் கேட்டதும் முதலில் தோன்றியதை மறைக்க மாட்டேன்: நான் செத்தால் இவர் இப்படி அழுவாரா?

மேலப்பாளையத்தில் ரேடியோ செட் வாடகைக்கு விட்டவர் காதர் பாய். கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு மைக் கட்டப் போன இடத்திலெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறார். மைக் கட்டுகிறவருக்குப் பேசியபடி எல்லாம் நடந்தது. அந்த மைக்கில் பாடுகிறவருக்கு நடக்கவில்லை. அதனால்தான் கலைஞர்களுக்குத் தொழில் பேரம் பேசக் கற்றுக்கொடுக்க வந்தார். பேட்டையில் ஒரு பட்டறைக் கொட்டகையில், ஞாயிறு மதியம் வகுப்பு.

அவருக்கு முன்பே அங்கே நான் வகுப்பெடுத்தேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். உழைப்பு, சாதி, சுரண்டல் எல்லாம் பேசினேன். பாடுகிறவர்களைச் சமையல் பந்தலுக்குப் பின்னால் தரையில் உட்காரவைத்துச் சோறு போடும் ஊரைத் திட்டிக் கட்டுரை எழுதினேன். பாராட்டு வந்தது, எனக்கு. கொட்டகையில் நான் எதைச் சொன்னாலும் சுடலைமுத்து அண்ணன் “ஆமா” என்பார். பூரித்துப்போவேன்.

பாய் வந்த முதல் ஞாயிறே அந்த “ஆமா”வைப் பிடித்துவிட்டார். குழுவுக்கு வரும் போனை எடுப்பது சுடலைமுத்து அண்ணன்தான். வில்லடித்துத் தலைமையாய்ப் பாடும் புலவரின் ஒவ்வொரு அடிக்கும் “ஆமா” போட்டுப் பழகிய வாய். பாய் கொடைக் கமிட்டித் தலைவராக நடித்தார்.

“போன வருசம் பேசுன துட்டே போதும்லா?”

“ஆமா.”

“வேன் நீங்களே பிடிச்சு வந்திருவீங்க?”

“ஆமா.”

“சோத்தையும் வீட்டுலயே தின்னுட்டு வந்திருவீங்களாவே?”

“ஆமா... இல்ல, அது வந்து...”

கொட்டகையே சிரித்தது. “வில்லுல ஆமா போடும்வே. போன்ல எதுக்குப் போடுதீரு?” என்றார் பாய். “நம்ம பேச்சச் சொல்லணும். சொல்லிட்டு வாய மூடணும். அந்த அமைதியில பயந்தவன்தான் முதல்ல பேசுவான். அது நீரா இருக்கக் கூடாது.”

ஐந்து ஞாயிறு இதே பயிற்சி. என் வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள் அவர் வகுப்புக்கு நேரத்தோடு வந்தார்கள். பொறுக்கவில்லை. இந்த வியாபாரத் தந்திரம் அநீதியை ஒழிக்குமா என்று டீக்கடையில் அவரிடமே கேட்டேன்.

“ஒழிக்காது தம்பி. நீங்க ஒழியுங்க. அது வரைக்கும் சுடலைமுத்து எங்கன உக்காந்து திங்கணும்?”

எனக்கு வெறுப்புதான் வந்தது.

ஆடிக் கொடைக்கு, நான் கட்டுரையில் திட்டிய அதே ஊரிலிருந்து, கொட்டகையில் இருக்கும்போதே போன் வந்தது; ஸ்பீக்கரில் போட்டார்கள். “பாட்டு முடிஞ்சதும் எங்களுக்குச் சாப்பாடு எல்லாரோடயும் பந்தியில. சம்மதம்னா வாட்ஸ்அப்புல எழுதி அனுப்புங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு சுடலைமுத்து அண்ணன் வாயை மூடிக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை. பாய் அவர் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தார். வெகுநேரம் கழித்து அந்தப் பக்கம் குரல் வந்தது: “சரி, அனுப்புதேன்.” கொடையன்று பந்தியில் அவருக்கு இலை விழுந்தது. என் கட்டுரையால் விழாத இலை.

அடக்கம் முடிந்து மையவாடி வாசலில் நின்றபோது சுடலைமுத்து அண்ணனிடம் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். “அண்ணே, இனிமே ஞாயிற்றுக்கிழமை வகுப்ப நான் எடுக்கட்டுமா?”

வழக்கமான “ஆமா”வுக்குக் காத்திருந்தேன். அவர் என்னையே பார்த்தபடி நின்றார். பேசவில்லை. இரண்டு ஆட்டோக்கள் கடந்து போயின. நான்தான் பயந்து முதலில் பேசினேன். “இல்ல... சும்மா கூடமாட இருந்தாக்கூடப் போதும்.”

“வகுப்ப நான் எடுத்துக்கிடுதேன் சார். நீங்க வந்து முன்னால உக்காருங்க. பேசப் பழகணும்லா?”

காதர் பாயிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இதுதான்: எனக்கு “ஆமா” போடாத ஒரு மனிதர். அவரையும் பாய்தான் உண்டாக்கினார் என்கிற எரிச்சல் இன்னும் ஆறவில்லை. வருகிற ஞாயிறு வகுப்புக்குப் போகிறேன்.