தபால்காரரில் பாதி

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். ஐயா நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்தவர். அம்மா சங்கக்கடையில் பெருவிரல் பதித்துச் சாமான் வாங்கியவர். அக்கா இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். எனக்குச் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கு எல்லாவற்றிலும் மேலான சித்தியான டி கிடைத்தது. பெறுபேறு வந்த வாரம், மருதனார்மடச் சந்தையில் ஐயாவிடம் குலையின் விலை கேட்டவர்களுக்கெல்லாம் முதலில் என் பெறுபேறுதான் கிடைத்ததாம், பிறகுதான் விலை. அதனால் எனக்குக் கொஞ்சம் நடப்பு, கெட்டிக்காரி என்ற எண்ணம், இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அந்த வருடம் அக்காவின் மகளுக்கு மூன்றரை வயது. பாலர் நேசறிக் கலைவிழாவில் அவளுக்குத் தபால்காரர் வேடம். காக்கிச் சேட்டு வேண்டும். கடைகளில் காக்கித் துணி கண்ணிலும் படாத காலம் என்பதால் அத்தானின் பழைய காற்சட்டை ஒன்றைப் பிரித்தோம். சந்தியில் இருக்கும் தையல்காரரிடம் கொடுக்கலாம் என்றார் அம்மா.

"அவர் என்னத்துக்கு? நானே தைப்பன்," என்றேன்.

"நீ தலையணை உறைதானே தைச்சனி?"

"உறையும் சேட்டும் ஒரே கணக்குத்தான் அம்மா. சேட்டுக்குக் கை இருக்கு, அவ்வளவுதான்."

இப்படிச் சொன்ன பிறகு பின்வாங்க வழியில்லை. சேட்டுப் பிழையாகிப் போனால் ஐயா சந்தையில் எப்படித் தலைகாட்டுவார் என்றுகூட யோசித்தேன். ஆனால் பிழையாகும் என்று நினைக்கவில்லை.

எங்கள் ஒழுங்கைக்கு வரும் தபால்காரரிடம் ஒரு பழைய சேட்டை இரவல் வாங்கினேன். நல்ல நெடுவல் மனிதர். உயரம் கேட்டேன். ஐந்தடி பத்தங்குலம் என்றார். அதாவது எழுபது அங்குலம். பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி உச்சியில் அடிமட்டத்தை வைத்து அளந்தேன். முப்பத்தைந்து. சரி பாதி. அந்த இரண்டு எண்களையும் பார்த்தபோது, கணக்கு என்னும் பாடமே எனக்காகத்தான் உண்டானது என்று தோன்றியது.

சதுரக்கோட்டுக் கொப்பியின் ஒற்றைகளைச் சோற்றுப் பசையால் ஒட்டிப் பெரிய தாளாக்கினேன். தபால்காரரின் சேட்டை அதன் பக்கத்தில் விரித்து, எல்லாவற்றையும் இரண்டால் வகுத்தேன். நீளம் முப்பது, எனவே பதினைந்து. கொலர் பதினாறு, எனவே எட்டு. தெறி, அதுதான் பொத்தான், ஆறு, எனவே மூன்று. பை இரண்டு, எனவே ஒன்று. அம்மா அளவு நாடாவோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"பிள்ளையின்ரை கழுத்தை ஒருக்கா அளந்து பாரன்."

"தேவையில்லை. உயரம் தெரிஞ்சால் மிச்சமெல்லாம் தானாக வரும்."

"எங்கையிருந்து வரும்?"

விகிதத்தை அம்மாவுக்கு எங்கிருந்து தொடங்கி விளங்கப்படுத்துவது?

கை மெசினில் இரண்டு நாளில் தைத்து முடித்தேன். விழாவுக்கு முதல்நாள் காலை பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தோம். நீளம் சரி. கையும் சரி. கொலர் மட்டும் கழுத்தின் இரண்டு பக்கமும் வந்து நின்றுகொண்டு ஒன்றையொன்று பார்த்தது. நடுவில் மூன்று விரல் இடைவெளி. கீழே, ஒரு தெறிக்கும் அடுத்த தெறிக்கும் இடையில் வயிறு வெளியே எட்டிப் பார்த்தது. நான் கொலரை இழுத்துப் பூட்டப் பார்த்தேன்.

"ஆசையம்மா, மூச்சு வருகுதில்லை," என்றாள் பிள்ளை.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. பிள்ளையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எடி, தபால்காரரின்ரை தலையிலை பாதியே இவளின்ரை தலை? உந்தத் தலையைத் தாங்கிற கழுத்தெல்லே உது."

"அவருக்குத் தலை பெரிசாக இருக்கும்," என்றேன். அளக்காமல் தோற்பதற்கு மனம் வரவில்லை.

அன்று பகல் தபால்காரர் வந்தபோது படலை வாசலில் அளவு நாடாவோடு நின்றேன்.

"அண்ணை, ஒருக்காத் தலையைக் குனியுங்கோ."

"கடிதம் ஒண்டும் இல்லைத் தங்கச்சி."

"கடிதம் வேண்டாம். தலைதான் வேணும்."

அவர் சைக்கிளில் இருந்தபடியே குனிந்தார். இருபத்திரண்டரை. "என்ன, எனக்குத் தொப்பி தைக்கிறியளோ?" என்று கேட்டார். பிள்ளையின் தலை பத்தொன்பதரை. மூன்று தரம் அளந்தேன். ஒவ்வொரு தரமும் பத்தொன்பதரைதான். தோட்டத்திலிருந்து வந்த ஐயா விசயத்தைக் கேட்டுவிட்டுத் தானும் தலையை நீட்டினார். பிறகு அக்கா, அத்தான், அம்மா. கடைசியில் என்னுடையதையும் அளந்தார்கள். வீட்டில் அதுதான் பெரிது.

"படிச்ச தலையெல்லே," என்றாள் அக்கா.

காக்கியில் மிச்சம் ஒரு கைக்குட்டை அளவுகூட இல்லை. சேட்டின் முதுகைக் கொலரோடு சேர்த்து நடுவால் வெட்டினேன். ஐயா இடுப்பில் கட்டும் நீலக் கட்டம் போட்ட சாரத்தின் அடியில் நாலு விரல் அகலத்துக்குச் சுற்றிவர வெட்டியெடுத்து, அதில் ஒரு துண்டைப் பட்டியாக நடுவில் வைத்துத் தைத்தேன். இந்த முறை பிள்ளையின் கழுத்தை அளந்துதான் செய்தேன். அம்மா பார்க்காத நேரத்தில்.

கொலர் பூட்டியது. வயிறு உள்ளே போனது. முன்னால் பார்த்தால் அசல் தபால்காரர்.

"மேடையிலை முதுகைக் காட்டக் கூடாது, என்ன?" என்று பிள்ளைக்கு இருபது தரம் சொல்லிக் கொடுத்தேன். அவளும் இருபது தரம் தலையாட்டினாள்.

மறுநாள் மேடை ஏறியதும் அவள் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்வரிசைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகக் கடிதம் கொடுக்கத் தொடங்கினாள். எட்டுப் பிள்ளைகள். ஒருவருக்கும் அவசரமில்லை. காக்கி முதுகின் நடுவில் நீலக் கட்டம் பளிச்சென்று தெரிந்தது. தோட்டத்திலிருந்து நேரே வந்து எனக்குப் பக்கத்தில் நின்ற ஐயாவின் காலிலும் அதே நீலக் கட்டம், வழமையிலும் பார்க்க நாலு விரல் உயரத்தில். எங்களுக்குப் பின்னால் ஒரு பெண் மேடையைப் பார்த்து, ஐயாவைப் பார்த்து, மறுபடி மேடையைப் பார்த்தாள்.

விழா முடிந்ததும் நேசறி ரீச்சர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே எங்களிடம் வந்தார். அவருடைய முகத்திலிருந்து எதையும் பிடிக்க முடியவில்லை.

"இந்தச் சேட்டு ஆர் தைச்சது?"

"அம்மா," என்றேன் உடனே.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்ல யோசினை அம்மா," என்றார் ரீச்சர். "பிள்ளை வளர வளர அந்தப் பட்டியை மட்டும் மாத்தினால் காணும். துணி இல்லாத நேரத்திலை ஆருக்கு உந்த மூளை வரும்? அடுத்த முறை எல்லாப் பிள்ளையளுக்கும் நீங்கள்தான் தைச்சுத் தரவேணும்."

ஐயா சாரத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டினார். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மிகவும் அடக்கமாகச் சொன்னார்:

"அதுக்கென்ன ரீச்சர், தைச்சுத் தாறன். பிள்ளையளின்ரை தலை அளக்கிறதுக்கு இவளையும் கூட்டிக்கொண்டு வாறன். அந்த வேலை வடிவாச் செய்வாள்."