என் எடைக்கு எடை வெல்லம்... கொஞ்சம் உப்பு

முதலிலேயே மன்னிப்பு கேட்டுவிடுகிறேன்.

வாராவாரம் இந்த இடத்தில் ஊசி நூல், பக்கத்து வீட்டுப் பூனை, வராத கேஸ் சிலிண்டர் என்று எனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறவள் நான். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிளட் பிரஷர், உடல் எடை என்று பெரிய விஷயமெல்லாம் எழுத எனக்கு என்ன தகுதி? டாக்டர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து அடுத்த பக்கம் போய்விடுங்கள்.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை என்னால் ஒரு மனுஷர் பதினொரு கிலோ உப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அதை எழுதாமல் எப்படி இருப்பது?

கதை மூன்று மாதத்துக்கு முன்னால் ஆரம்பிக்கிறது.

அடிக்கடி தலை சுற்றுகிறது என்று திருச்சி தில்லை நகரில் ஒரு டாக்டரிடம் போனோம். வீட்டுக்காரர் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போய்விட்டார். என்னை ஒரு நர்ஸ் கூப்பிட்டு எடை மிஷினில் ஏறச் சொன்னார். ஏறினேன். அடுத்த நிமிடம், டவுன் பஸ் கண்டக்டர் ‘சத்திரம், சத்திரம்’ என்று கூவுவது போல ஒரு சத்தம்.

“வசந்தா... எண்பத்தி நாலு!”

ஹாலில் இருபது பேர். இருபது பேரும் என்னைப் பார்த்தது போல இருந்தது. நான் இயல்பாகவே யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காதவள். கல்யாண ஃபோட்டோவிலேயே என் வகிடுதான் தெரியும்.

அப்படியே உள்ளே போனேன். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். நூற்று அறுபது, கீழே நூறு.

‘சார், அது என் பிபி இல்லை, உங்கள் நர்ஸ் கத்தியதால் வந்தது’ என்று சொல்ல நினைத்தேன். கால் மணி நேரம் உட்கார வைத்துத் திரும்பப் பார்த்தார். ஒரு வாரம் கழித்தும் பார்த்தார். இறங்கவே இல்லை. நர்ஸ் மேல் பழி போட வழியில்லாமல் போய்விட்டது.

“வெயிட்டுதாம்மா முக்கியக் காரணம்” என்றார் டாக்டர். “உடம்பு கூடக் கூட, ஹார்ட் கூடுதலா அழுத்தி ரத்தத்தைத் தள்ளணும். இந்த மாத்திரையைத் தினம் போடுங்க. உப்பைக் குறைங்க, நடங்க. மூணு மாசத்துல அஞ்சு கிலோ குறைச்சுட்டு வாங்க.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறவள். மெல்லிய துணிக்கு என்று இருக்கிற தையல் மிஷினில் நாலு மடிப்பு ஜீன்ஸைக் கொடுத்தால் மோட்டார் என்ன பாடுபடும்? முனகும், சூடாகும். என் மோட்டார் ஐம்பத்தோரு வருஷமாக ஓடுகிறது. துணிதான் தடித்துக்கொண்டே போகிறது.

இதில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இருபத்தேழு வருஷத் தையலில் நான் யாரிடமும் அவர் அளவை வாய் விட்டுச் சொன்னதில்லை. டேப்பைச் சுற்றுவேன், நோட்டில் எழுதுவேன், மூடிவிடுவேன். பழைய ப்ளவுஸ் இறுக்கிப் பிடிக்கிறது என்று யாராவது கொண்டு வந்தால் ஒரே பதில்தான். “துணி சுருங்கிடுச்சுங்க. விடுங்க, பிரிச்சு விட்டுடறேன்.” இதற்காகவே உள்ளே ஒரு இஞ்ச் துணி மடித்துத் தைத்திருப்பேன். எங்கள் ஸ்ரீரங்கத்தில் மனுஷர்கள் குண்டாவதே இல்லை... துணிதான் சுருங்கும்.

அப்படி ஊரெல்லாம் மறைத்துக் கொடுத்தவள், தன் நம்பரை மறைக்க மாட்டாளா?

வீட்டுக்காரர் கேட்டார். “வெயிட் பார்த்தாங்களே, எவ்வளவு?”

“அறுபத்தெட்டுங்க.”

அது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. பழைய உண்மை. ரொம்ப நாள் முன்பு திருச்சி ஜங்ஷனில், கலர் விளக்கு எரிகிற எடை மிஷினில் காசு போட்டு எடுத்த அட்டையில் அறுபத்தெட்டு என்றுதான் இருந்தது. அந்த அட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது. ஆதாரம் வேண்டுமென்றால் காட்டுவேன்.

இந்த அறுபத்தெட்டோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அன்று சாயங்காலம் உப்பிலியபுரத்திலிருந்து அண்ணி ஃபோன் செய்தார். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏம்மா வசந்தா, பிரஷராமே? நீ ஒண்ணும் கவலப்படாதே. எங்க ஊரு மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். உனக்கு பிரஷர் இறங்கினா எடைக்கு எடை வெல்லம். தராசுல உன்னை உட்கார வச்சு, இந்தப் பக்கம் நம்ம வீட்டு வெல்லம். எவ்வளவு கிலோ இருப்பே?”

என் வாய் திறப்பதற்குள் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். “அறுபத்தெட்டுக்கா!”

“அவ்வளவுதானா? சரி, இப்பதான் கரும்பு வெட்டிக் காய்ச்சுறோம். நிறுத்து மூட்டை கட்டி வச்சுடறேன்.”

பாருங்கள் என் நிலைமையை. பிபி இறங்கினால் தராசில் ஏற வேண்டும். ஏறினால், அண்ணி ஊர்ச் சனம் மொத்தமும் பார்க்க, பதினாறு கிலோ பொய் தொங்கும். இறங்காவிட்டால் ஆஸ்பத்திரி. இப்படி ஒரு நோய்க்கு எந்த டாக்டர் மருந்து எழுதுவார்?

யோசித்துப் பார்த்ததில் ஒரே வழிதான் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் நான் நிஜமாகவே அறுபத்தெட்டு ஆகிவிட வேண்டும்!

ஊறுகாய் ஜாடியை லாஃப்டில் ஏற்றினேன். அப்பளத்தை நிறுத்தினேன். வீட்டுக்காரர் நூல் மாதிரி இருப்பார், எதைத் தின்றாலும் ஏறாது. என் எதிரில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொல்வார். “உப்பில்லாம சாப்பிடணும்னா எங்க ஊரு உப்பிலியபுரத்துக்கே போயிடேன். பேர்லயே உப்பில்ல.”

காலையில் கோயிலை ஒட்டிய உத்திர வீதிகளைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். அங்கே எதிரில் வருகிறவர்களில் பாதிப் பேர் என் வாடிக்கையாளர்கள்.

“வசந்தாக்கா, என் ப்ளவுஸ் ரெடியா?”

“நாளைக்குங்க” என்று சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டுவேன். அடுத்த மூலையில் இன்னொருவர். “வர வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் அக்கா, மறந்துடாதீங்க!” இன்னும் வேகம். வேகமாக நடங்கள் என்று டாக்டர் சொன்னாரே, எப்படி என்று அவர் சொல்லவில்லை. தைக்காத ப்ளவுஸ் பத்து கையில் இருந்தால் போதும், கால் தானாகப் பறக்கும்.

மூன்று மாதம் ஓடியது. போன வாரம் திரும்பவும் தில்லை நகர். இந்த முறை வீட்டுக்காரரை வாசலிலேயே நிறுத்திவிட்டேன். “வண்டியை யாராவது தூக்கிட்டுப் போயிடப் போறாங்க.”

நர்ஸ் கூவினார். “எழுபத்தி ஒன்பது!”

பிபி நூற்று முப்பது, எண்பத்து நாலு.

“வெரி குட்! அஞ்சு கிலோ குறைச்சீங்க, பிரஷர் எப்படி இறங்கிடுச்சு பாருங்க. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க” என்று டாக்டர் சிரித்தார். டாக்டர் பாராட்டி அழுகை வந்த முதல் பேஷன்ட் நானாகத்தான் இருப்பேன். இன்னும் ஒரு பதினொரு கிலோ கழித்து இறங்கக் கூடாதா இந்தப் பாழாய்ப்போன பிரஷர்?

வாசலிலேயே ஃபோன் போட்டுவிட்டார் வீட்டுக்காரர். அண்ணி சொன்னார். “ஞாயித்துக்கிழமை வந்துடுங்க. வெல்லம் ரெடி. அம்பாளுக்கு ஒரு கிராம் குறையக் கூடாதுன்னு நானே நின்னு நிறுத்தது.”

ஒரு கிராமா...

சனிக்கிழமை முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை.

“என்ன, பசிக்கலையா?”

“விரதங்க.”

“என்ன விரதம்?”

“வெல்ல விரதம்.”

“அப்படி ஒண்ணு இருக்கா?” என்று என் பங்கு இட்லியையும் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

ஞாயிறு காலை இருப்பதிலேயே லேசான சேலையைக் கட்டினேன். வளையலைக் கழற்றினேன். காதில் கம்மலுக்குப் பதில் வேப்பங்குச்சி வைக்கலாமா என்று கூட யோசித்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறியதும், உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

“என்னங்க... அந்த வெல்லம் பத்தாதுங்க.”

“பொங்கலுக்கா? அதுக்குத் தனியா அக்கா வச்சிருக்கும்.”

“அதுக்கில்லங்க. தராசுக்கு.”

“தராசையும் அவங்களே கொண்டு வந்துடுவாங்க. நீ பேசாம வா” என்று கண்ணை மூடிக்கொண்டார். துறையூர் தாண்டும்வரை அந்தக் கண் திறக்கவில்லை.

கோயில் வாசலில் வேப்பமரம். அதன் கிளையில் புளி மண்டியிலிருந்து கொண்டு வந்த பெரிய தராசைத் தொங்க விட்டிருந்தார்கள். சுற்றிலும் ஒரு ஐம்பது பேர். எல்லாரும் சொந்தம். ஒரு பெரியம்மா சத்தமாகவே சொன்னார். “வெயிட்டா தெரியறாளே, அறுபத்தெட்டுதானா? எல்லாம் ஸ்ரீரங்கத்துக் காவேரித் தண்ணி!”

உட்கார்ந்தேன். என் தட்டு ‘தொப்’பென்று தரையில் நின்றது. எதிர்த் தட்டில் மூட்டைகளை ஏற்றினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. கடைசியாக ஒரு சின்ன மூட்டை. மொத்தமும் ஏற்றியாயிற்று.

தராசு அசையவில்லை.

“கயிறு சிக்கியிருக்கும்” என்றார் ஒருவர். கயிற்றை ஆட்டிப் பார்த்தார்கள். நான் ஆடினேன், உயரவில்லை.

“சேலை எதிலயாவது மாட்டியிருக்கா பாருங்க” என்றார் இன்னொருவர். மாட்டவில்லை. நான் மூச்சைக்கூட உள்ளே இழுத்து வைத்திருந்தேன். காதுக்குள் பட்பட்டென்று சத்தம். இறங்கிய பிரஷர் திரும்பி வந்துகொண்டிருந்தது... பஸ் பிடித்து.

பூசாரி கையில் தீபாராதனைத் தட்டோடு நின்றார். “தட்டு சமமானாதாங்க வேண்டுதல் முடிஞ்ச கணக்கு.”

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பப் பார்த்தது. நான் தலையைக் குனிந்து சேலைக் கரையை எண்ண ஆரம்பித்தேன்.

அப்போது அண்ணி முன்னால் வந்தார். என்னைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

“வெல்லம் காஞ்சிடுச்சு!”

“என்ன அக்கா?” என்றார் வீட்டுக்காரர்.

“மூட்டை கட்டறப்ப ஈர வெல்லம்டா. மூணு மாசமாச்சு. காஞ்சு எடை குறைஞ்சுபோச்சு. இதுகூடத் தெரியாதா? நின்னு பேசாம ஓடு, கடையில வெல்லம் இருந்தா வாங்கிட்டு வா!”

அறுபத்தெட்டு கிலோ வெல்லம் காய்ந்து பதினொரு கிலோ குறையுமா? அந்த ஊரில் வெல்லம் காய்ச்சாத வீடு கிடையாது. அத்தனை பேரும் “ஆமாமா, காயும், காயும்” என்றார்கள். அந்தப் பெரியம்மாகூட.

வீட்டுக்காரர் ஓடினார். வீட்டுக்கு வீடு வெல்லம் இருக்கிற ஊரில் மளிகைக் கடைக்காரர் எதற்கு வெல்லம் வாங்கி வைப்பார்? கடையில் நிறைய இருந்தது கல் உப்புதான். மூச்சு வாங்க, ஒரு சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“அம்மனுக்கு உப்பும் உகந்ததுதான், போடுங்க” என்று பூசாரி அனுமதி கொடுத்தார்.

ஒரு கிலோ பாக்கெட். ஒவ்வொன்றாக வைத்தார்கள். எட்டில் ஒரு முனகல். பத்தில் லேசாக ஆடியது. பதினொன்றில் நான் தரையை விட்டு மெதுவாக... மேலே எழும்பினேன். குலவை போட்டார்கள். மூன்று மாதமாக எந்த உப்பைப் பார்த்து ஓடினேனோ, அதுதான் கடைசியில் என்னைத் தூக்கிவிட்டது.

வீட்டுக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “டாக்டர் உப்பைத் தள்ளி வைக்கச் சொன்னாருல்ல? பாரு, நீ அந்தக் கோடி, உப்பு இந்தக் கோடி. இதுக்கு மேல எப்படித் தள்ளி வைக்கிறது?”

சர்க்கரைப் பொங்கல் கொடுக்கும்போது அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் ஆரம்பித்தேன். “அண்ணி, நான் வந்து...”

“போன தீபாவளிக்கு என் ப்ளவுஸ் கை நுழையல. நீ என்ன சொன்னே?”

“துணி சுருங்கிடுச்சுன்னு...”

“அதுக்கு முந்தின பொங்கலுக்கு?”

“அப்பவும் துணி...”

“பட்டுத் துணி எங்கயாவது ரெண்டு இஞ்ச் சுருங்குமாடி? எனக்குத் தெரியாதா? பேசாம பொங்கலைத் தின்னு. ரெண்டு வாய் மட்டும்.”

ரெண்டு வாய் மட்டும் தின்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை, மாத்திரைச் சீட்டு மாற்ற தில்லை நகர் போனேன். வீட்டுக்காரரையும் உள்ளே அழைத்துப் போனேன். நர்ஸ் ஹாலுக்கே கேட்கும்படி “எழுபத்தி ஒன்பது” என்று கத்தினார். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று ப்ளவுஸ் தைத்தேன்.