ரூத் தேர்ச்சி பெற்ற காலை

எல்லாம் பிசகத் தொடங்கியது ஜூலை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு. என் மடிக்கணினியில் அப்போது பிற்பகல் ஒன்று நாற்பது. வடகவுஞ்சியில் அண்ணன் வீட்டுக்கு வந்து ஐந்து வாரமாகியும் அதன் கடிகாரத்தை நான் மாற்றவில்லை. ஜன்னலுக்கு வெளியே காப்பிச் செடிகளின்மேல் மழை விழுந்துகொண்டிருக்கும். நான் இட்லி பிட்டுக்கொண்டே, மெல்பர்னில் கணவர் மதியச் சாப்பாடு முடித்திருப்பார், இங்கே என்னோடு இருக்கும் மகளின் பாலர் பள்ளியில் அங்கே இது மணல் விளையாட்டு நேரம் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். வெளியே போய் வாழ்கிறவர்களுக்கு இது புரியும். திரும்பிப் போகப் போகிறவர்கள் கடிகாரத்தை மாற்றுவதில்லை.

மகள் ரூத்துக்கு மூன்றரை வயது. எனக்கு நாற்பத்து நான்கு. பல வருடம் காத்திருந்து பிறந்தவள். இரண்டு வயது முடிந்தபோது அவளிடம் நான்கு சொற்கள்தான் இருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நாள் திரும்புவாள், பல நாள் திரும்பமாட்டாள். படியேற என் விரல் வேண்டும். மெல்பர்னில் குழந்தைகள் நலச் செவிலியர் இதைக் கவனித்து, அரசாங்கத்தின் ஆரம்பநிலை ஆதரவுத் திட்டத்துக்கு எழுதினார். அவர்கள் நோயின் பெயர் எதையும் கேட்கவில்லை. லேசான வளர்ச்சித் தாமதம்தான், ஆறு வயதுக்குள் கைகொடுத்தால் நிறைய தூரம் எட்டிப் பிடிக்கலாம் என்றார்கள். ஆறு என்ற அந்த எண்ணை நான் அன்றிலிருந்து மறந்ததில்லை.

அந்தத் திட்டத்திலிருந்து ஹெலன் என்ற பெண் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். முதல் நாள் நான் வீட்டைத் துடைத்து, கோயிலுக்குப் போடும் கவுனை ரூத்துக்கு மாட்டி, கேக் செய்துவைத்துக் காத்திருந்தேன். அவர் கேக்கைத் தொடவில்லை. காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். இவளுடைய மோசமான நாள் எப்படி இருக்கும் என்று கேட்டார். மோசமான நாளே கிடையாது, ரொம்ப நல்ல பிள்ளை என்றேன். அரசாங்கத்து ஆட்களிடம் வீட்டுக் குறையைச் சொல்லக் கூடாது, சொன்னால் தாளில் ஏறும், ஏறியது இறங்காது என்று வளர்ந்தவள் நான். ஹெலன் அதைப் பெருமை என்று நினைத்தாரோ, பயம் என்று நினைத்தாரோ தெரியாது. பேனாவை மூடி வைத்துவிட்டு, ஒன்பது மாதம் எங்கள் வீட்டுத் தரையில் பொறுமையாக உட்கார்ந்தார். அந்த ஒன்பது மாதத்தில் ரூத்துக்கு முப்பது சொல் வந்தது. ‘தண்ணி’ வந்தது. ‘அம்மா’ வந்தது.

மே மாதக் கடைசியில் என் அப்பா இறந்துபோனார். செய்தி கேட்டு ஓடிவந்தோம். கணவர் சில நாளில் வேலைக்குத் திரும்பிவிட, நானும் ரூத்தும் நாற்பதாம் நாள் பூசைக்காகவும், அப்பாவின் நிலப் பத்திரங்களுக்காகவும் தங்கினோம். இங்கே என் கவலை யாருக்கும் கவலையாகத் தெரியவில்லை. கொடைக்கானல் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கூட, அதெல்லாம் தானா பேசிரும், என் கொழுந்தன் அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தான் என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். ஆறுதல் இங்கே கேட்காமலே கிடைக்கிறது. எனக்கு வேண்டியிருந்தது அது இல்லை.

அந்தச் சமயத்தில்தான், ஆதரவு இன்னும் தேவையா என்று திட்டத்தார் பார்க்கும் மறுமதிப்பீட்டு நாள் வந்தது. தள்ளிவைக்கக் கேட்டேன். காணொளியிலேயே முடித்துவிடலாம் என்று பதில் வந்தது. ஹெலன் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார். புதிதாக வந்தவர் ரூத்தைப் பார்த்ததே இல்லை.

அண்ணன் மனைவி பிலோமினா, என் மதினி, கொடைக்கானலில் ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். பள்ளிச் சேர்க்கைக்குப் போகும் பிள்ளைகளை வீட்டில் வைத்துத் தயார்செய்து அனுப்புவதில் ஊரில் அவருக்குப் பெயர் உண்டு. மறுமதிப்பீடு என்றதும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

“இன்டர்வியூதான? எங்கிட்ட விட்டுரு ஸ்டெல்லா. மூணு வாரம் போதும்.”

நான் மறுத்திருக்க வேண்டும். மாறாக, ஹெலன் எந்தெந்தப் படங்களைக் காட்டுவார் என்று நானே சொன்னேன். மதினி பன்னிரண்டு படங்களை அட்டையில் ஒட்டினார். பள்ளி விட்டு வந்ததும் ரூத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டுவார். கோப்பை, நாய், பந்து, செருப்பு. ஒரு படத்துக்கு ஒரு துண்டு பிஸ்கட். பத்தே நாளில் ரூத் எல்லாவற்றையும் சொன்னாள். ஒருநாள் அட்டைகள் கைதவறிக் கலைந்துவிட்டன. அன்றைக்கு முதல் அட்டையாக வந்த நாயைப் பார்த்துக் கோப்பை என்றாள். பந்துக்கு நாய் என்றாள். அவள் படிக்கவில்லை, வரிசையை மனப்பாடம் செய்திருந்தாள். மதினி என்னைப் பார்த்தார். பிறகு அட்டைகளைப் பழைய வரிசையில் அடுக்கினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதினி பள்ளிக்கு விடுப்புப் போட்டிருந்தார். திரையில் வந்தவர் மிக மரியாதையானவர். வீட்டில் ரூத்தோடு வழக்கமாக எப்படி விளையாடுவீர்கள், அதையே செய்யுங்கள் என்றார். மதினி அட்டைகளை எடுத்தார். மடிக்கணினிக்குப் பின்னால் பிஸ்கட் தட்டு இருந்தது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. கூப்பிட்டால் திரும்புகிறாளா என்று கேட்டு அவரே “ரூத்” என்று அழைத்தார். திரைக்குக் கீழே மதினியின் விரல் அவள் முகவாயை லேசாகத் திருப்பியது. தானே சாப்பிடுகிறாளா என்றார். ஆமாம் என்றேன். அந்த வீட்டில் மூன்றரை வயதுப் பிள்ளையின் கையில் யாரும் ஸ்பூன் கொடுத்ததே இல்லை. கடைசியாக, உங்களுக்குக் கவலை ஏதாவது உண்டா என்று கேட்டார். கவலையே இல்லை, எல்லாம் உங்கள் உதவி என்றேன். எங்கள் பக்கத்தில் அது உபசார வார்த்தை. அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

இணைப்பு அறுந்ததும் மதினி கைதட்டி, “பாப்பா பாஸ்” என்றார். வாசலில் வாழைத்தாருக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அண்ணன் எட்டிப் பார்த்து, “ஒரு கவர்மென்ட்டயே ஏமாத்திப்புட்டீங்களே ரெண்டு பேரும்” என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் மதினி அட்டைப் பெட்டியைத் திறந்தபோது ரூத் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். அதன்பின் அட்டை மட்டும் அல்ல, டம்ளரைக் காட்டினாலும் காதைப் பொத்தினாள். ஏதோ கேள்வி வருகிறது என்று நினைத்திருப்பாள். ‘கோப்பை’ போயிற்று, ‘நாய்’ போயிற்று. அந்த வாரக் கடைசியில், ஹெலன் தரையில் உட்கார்ந்து கொண்டுவந்த ‘தண்ணி’யும் போயிற்று. தாகம் எடுத்தால் என் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பானையில் வைப்பாள். அம்மா என்பதை அவள் எப்போது கடைசியாகச் சொன்னாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். எந்த நாள் என்று எனக்குத் தெரியவில்லை. கவனித்து வைத்திருக்க வேண்டிய நாள் அது.

பதினோராம் நாள் மின்னஞ்சல் வந்தது. ரூத்தின் முன்னேற்றம் மகிழ்ச்சி தருகிறது, தனி ஆதரவு இனித் தேவைப்படாது, நடப்புத் திட்டம் செப்டம்பரில் முடிவடையும். எழுதியவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாங்கள் காட்டிய பிள்ளையைப் பற்றி அவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். மெல்பர்னுக்குத் தொலைபேசியில் அழைத்து, நான் சொன்னது உண்மை இல்லை என்றேன். மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மறுமுனைப் பெண் என்னைத் திட்டவில்லை. பிள்ளையை நேரில் பரிசோதித்த ஒருவரின் அறிக்கை செப்டம்பருக்குள் கிடைத்தால் மறுபடி பார்ப்பார்கள் என்றார்.

அறிக்கைக்கு வழி தெரு முனையிலேயே இருந்தது. மஞ்சள் சுவர் அங்கன்வாடி. இத்தனை வாரமும் அதன் வாசல் வழியாகத்தான் கடைக்குப் போய்வந்தேன். அங்கே போகப்போகிறேன் என்றதும் மதினி பதறினார். “ஆஸ்திரேலியாப் பிள்ளையப் பால்வாடிக்குக் கூட்டிட்டுப் போனா ஊரு என்ன பேசும்? அந்த ரெஜிஸ்டர்ல பேரு ஏறிருச்சுன்னா நாளப்பின்ன எந்த ஸ்கூல்ல எடுப்பாங்க?” ஹெலன் வந்த முதல் நாள் என் மனதில் ஓடிய அதே பயம். இன்னொருவர் வாயில் கேட்டபோது அது எத்தனை அசிங்கமாக இருந்தது என்று எப்படிச் சொல்வேன்.

அங்கன்வாடிப் பணியாளர் பாண்டியம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. எடை பார்க்கும் ஊஞ்சலை மடித்துக்கொண்டே பேசினார். “தெனமும் குடையப் புடிச்சுக்கிட்டு இந்தப் பக்கந்தான் போறீங்க, வாறீங்க. பாப்பா கூப்புட்டாத் திரும்பலங்கறத நானும் பாத்தேன். வெளிநாட்டு ஆளுங்க, நமக்கு என்ன சோலின்னு விட்டுட்டேன். என் தப்பும் இருக்குங்க.” அரசு மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கும், தேவைப்படுவோரைத் திண்டுக்கல்லில் உள்ள ஆரம்பநிலைச் சிகிச்சை மையத்துக்கு எழுதி அனுப்பும் என்று விளக்கினார். கீழே பளியர் பழங்குடியினர் குடியிருப்பிலிருந்து அவர் ஒரு பிள்ளையை அனுப்பியிருக்கிறார். நான்கு தடவை போனதோடு சரி. வாரம் ஒருநாள் எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு மலையிறங்க அந்தத் தாயால் முடியவில்லை. இங்கேயும் எல்லாம் இருக்கிறது. அங்கே அது வீட்டுக்கு வந்து தரையில் உட்காரும். இங்கே நாம் அதைத் தேடி இறங்க வேண்டும்.

குழு வருவதாக இருந்த முதல் வியாழக்கிழமை மூடுபனியில் வண்டி பாதியிலேயே திரும்பிவிட்டது. அடுத்த வியாழன் வேறு ஊரில் காய்ச்சல் என்று அங்கே போய்விட்டார்கள். ரூத் பகல் முழுவதும் மேசைக்கு அடியிலேயே இருந்தாள். நானும் பக்கத்தில் படுத்துக்கொள்வேன், பேச்சுக் கொடுக்கமாட்டேன். மூன்றாவது வியாழக்கிழமையும் மழை. ஊருக்கு ஒரு மைல் முன்னால் மரம் விழுந்து கெடக்கு என்று அண்ணன் சொன்னபோது நான் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன்.

பதினொன்றரை மணிக்குப் பாண்டியம்மாவின் குடை வாசலில் தெரிந்தது. பின்னால், வண்டியை மரத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு நடந்து வந்த ஒரு பெண் மருத்துவர். முப்பது வயதுகூட இருக்காது. முழங்கால் வரை சேறு. மரம் விழுந்ததால் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருந்த மதினி, பழக்கதோஷத்தில் குனிந்து, ரூத், டாக்டர் ஆன்ட்டிக்கு குட்மார்னிங் சொல்லு என்றார்.

“வேணாங்க டீச்சர்,” என்றார் மருத்துவர். “அவளுக்கு எது வரலன்னு பாக்கத்தான் நான் வந்துருக்கேன்.”

மேசைக்கு எதிரே ஈரத் துணியோடு தரையில் உட்கார்ந்தார். ரூத்தைக் கூப்பிடவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, இவளோட ரொம்ப மோசமான நாள் ஒண்ணச் சொல்லுங்க என்றார். நான் சொன்னேன். ஒரு நாளை அல்ல, எல்லா நாட்களையும் சொன்னேன். பிஸ்கட் தட்டு, முகவாயைத் திருப்பிய விரல், ஸ்பூன் பொய், கலைந்த வரிசை. இடையில் மதினி உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்து அட்டைப் பெட்டியை மருத்துவர் முன்னால் வைத்துவிட்டு, சுவரோடு சாய்ந்து நின்றார்.

மருத்துவர் இரண்டு பக்கம் எழுதினார். தாமதம் இருக்கிறது, பெரிதில்லை, ஆனால் இப்போது விட்டால் பெரிதாகும். எந்த ஊரானாலும் ஆறு மாதம் வாரம் தவறாமல் பயிற்சி வேண்டும், இந்தத் தாளை இங்கும் காட்டலாம், அங்கும் அனுப்பலாம் என்றார். கையெழுத்துப் போட்டார். பிறகு தாளின் மேற்பகுதியில் காலியாக இருந்த ஒரு கட்டத்தைக் கவனித்துப் பேனாவை மறுபடி திறந்தார். மேசைக்கு மேலே என் மடிக்கணினி மாலை ஐந்தரை மணி காட்டியது. மேசைக்குக் கீழே ரூத் அவருடைய சேறு படிந்த கால்விரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விலாசம் கேட்டுருக்கு,” என்றார் அவர். “பிள்ள எங்க இருக்கப்போறாளோ, அந்த விலாசத்தச் சொல்லுங்க. எதப் போடட்டும்?”