கோட்டைச் சுவரில் ஐயாத்துரை அடைத்த இடம்

முல்லைத்தீவுப் பட்டினத்தில் கடலோரமாகக் கிணறு வெட்டினாலும் கக்கூசுக் குழி வெட்டினாலும் ஒல்லாந்தர் கோட்டைக் கல்லில் அலவாங்கு முட்டும். கமலாசனியின் வளவுக்குள்ளும் அந்தக் கோட்டைச் சுவர் ஒன்று புதைந்து கிடந்தது. அவள் புருசன் ஐயாத்துரை மேசன். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதில், கலியாணம் முடித்த கையோடு, அந்தச் சுவரில் இளகியிருந்த ஓரிடத்தைப் பெயர்த்து எடுத்த கல்லில்தான் வீட்டுக்கு அத்திவாரம் போட்டான். மண் சரியாமல் இருக்க, பெயர்த்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசினான். சாந்து குழைத்துக் கொடுத்தவள் கமலாசனி.

"ஒல்லாந்தன் கட்டினதுக்கும் நான் கட்டினதுக்கும் வித்தியாசம் தெரியுதோ?" என்று கேட்டான்.

"ஒண்டும் தெரியேல்லை" என்றாள். இருவருமாக மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

மூன்று வருசத்தில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் வேலை கிடைத்து ஐயாத்துரை போனான். மாதம் ஒரு கடிதம் வந்தது. ஐம்பத்தேழில் வெள்ளைக்காரர் தளத்தை விட்டுப் போனதோடு கடிதமும் நின்றது. அவர்களோடு கப்பலேறிவிட்டான் என்றார்கள் சிலர். கமலாசனி கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துச் சீவித்தாள். பின்னேர பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் மாப் பிழிகிற கை தானாக நின்றுவிடும்.

அறுபத்தொன்றில், மாரிவெள்ளம் கடலுக்குப் போக வாய்க்கால் வெட்ட ஆட்கள் வந்தார்கள். கமலாசனியின் வளவில் சுவர் மறித்தது. மூன்று நாள் இடித்தும் பொறி பறந்ததே தவிரக் கல் அசையவில்லை. வேலையை மேற்பார்த்த ஓவசியர் கதிர்காமநாதன், அவள் இடியப்பம் அவிக்கும் குசினி வாசலுக்கு வந்தார்.

"பிள்ளை, சுவர் விடுகுதில்லை. வாய்க்காலைத் திருப்பத்தான் வேணும். திருப்பினால் உம்மடை வீடு போகும்."

கமலாசனி வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். வீடு போனால் அவன் எங்கே வந்து தேடுவான்? ஆனால் வீட்டுச் சுவரை அவள் வருசா வருசம் மெழுகியிருக்கிறாள், கூரையை எத்தனையோ பேர் வேய்ந்திருக்கிறார்கள். அவன் கை வைத்தபடியே, வேறொருவர் கை படாமல் இருந்தது மண்ணுக்குள் கிடந்த அந்த ஓரிடம்தான்.

"ஐயா, அந்த முருங்கைக்கு நேரே வெட்டச் சொல்லுங்கோ" என்றாள் கடைசியில். "அந்த இடம் ஒல்லாந்தன் கட்டினதில்லை. என்ரை இவர் செங்கலாலை அடைச்சது."

வெட்டினார்கள். பூச்சுத் தெரிந்ததும், "கொஞ்சம் பொறுங்கோ" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். மூலையில், ஈரச் சாந்தில் அழுத்திய நாலு விரல் பதிந்திருந்தது. தன் விரல்களை அதற்குள் வைத்துப் பார்த்தாள். அவன் விரல் பெரிது. ஓவசியர் வேலையாட்களை அப்பால் போய் வெற்றிலை போடச் சொன்னார்.

மேலே ஏறி வந்து, "இனி இடியுங்கோ" என்றாள்.

அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. கடைசிச் செங்கல் விழும்வரை நின்று பார்த்தாள்.

கார்த்திகையில் முதல் வெள்ளம் அந்த வழியால் இரைந்து ஓடியது. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு ஆசியா உம்மா நிற்பதைக் கவனியாமல், "இஞ்சாருங்கோ" என்று வாய்விட்டுக் கூப்பிட்டாள் கமலாசனி. "நீங்கள் அடைச்சதைத் திறந்துபோட்டன். கோவிக்காதேங்கோ. வீடு இருக்கு."

ஐயாத்துரை வரவில்லை. அறுபத்தெட்டில் அவள் வீட்டுக்கு ஓடு போட்டாள். வேலைக்கு வந்த மேசன் வாசலை றோட்டுப் பக்கம் திருப்பினால் வடிவாயிருக்கும் என்றான்.

"வேண்டாம், தம்பி" என்றாள். "ஆள் திரும்பி வந்தால் வீடு தெரியாமல் மாறிப்போயிடும்."